கொதிக்க வைத்தாலும் போகாத அந்துருண்டை வாசனை

"பத்து தடவை கொதிக்க வெச்சுட்டேண்ணா, வாசனை போகவே மாட்டேங்குது."

கைக்குழந்தையோடு அம்பத்தூரில் சிலிக்கோன் வார்க்கும் எங்கள் பட்டறை வாசலில் நின்ற பெண், பால் புட்டியின் சிலிக்கோன் நிப்பிளை நீட்டினார். மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்தது, அந்துருண்டை. பரிசாக வந்த புட்டியைப் பிரிக்காமல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

"சிலிக்கோன்தானே, எதுவும் ஒட்டாது" என்கிறார்கள். மேலே ஒட்டாதுதான். உள்ளே இறங்குமே!

"இவ்வளவு கெட்டியா இருக்கே, உள்ளே எது நகரும்?" எங்கள் பையன்களே கேட்பார்கள். க்யூர் ஆகாத, அதாவது இன்னும் ரப்பராக மாறாத சிலிக்கோனைக் கத்தியால் வெட்டித்தான் எடுப்போம், அவ்வளவு கெட்டி. நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் வரும் கெட்டித்தனம் அது. சிக்குவது சங்கிலிதான், கரைந்திருக்கும் சின்ன மூலக்கூறு சிக்காது. அதற்குப் பக்கத்தில் ஒரு சந்து திறந்தால் போதும். சிலிக்கோன் சங்கிலி கண்ணாடிபோல் இறுகுவதே மைனஸ் 120 டிகிரிக்குக் கீழேதான். நம் வெயிலில் நெளிந்துகொண்டே இருக்கும், சந்து திறந்துகொண்டே இருக்கும். சிக்குண்ட சங்கிலியின் நீளத்தைப் பத்து மடங்காக்கினால் கெட்டித்தனம் சுமார் 2500 மடங்கு ஏறும். உள்ளே நகரும் நாப்தலீனின், அதாவது அந்துருண்டைப் பொருளின், வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். க்யூர் செய்து ரப்பராக்கினாலும் பெரிய மாற்றமில்லை. ஒரு மில்லிமீட்டர் கடக்கச் சில மணி நேரம். இரண்டு மில்லிமீட்டர் என்றால் நான்கு மடங்கு நேரம்.

தோலுக்கடியில் வைத்த ஆறு சிலிக்கோன் குழாய்களிலிருந்து 5 ஆண்டுகள் கருத்தடை மருந்து கசிந்ததும் இதே குணத்தால்தான். நாங்கள் வார்த்த பொருளை 200 டிகிரியில் 4 மணி நேரம் அடுப்பில் வைத்து மிச்ச ரசாயனத்தை வெளியேற்றுவதும் இதை நம்பித்தான்.

நாப்தலீன் தண்ணீரில் கரைவது மிகக் கொஞ்சம், சிலிக்கோனில் தாராளம். அதனால் கொதிக்கவைத்துக் கழுவி நம்பாதீர்கள். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி; அது பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது.

வாசனை வந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். புதியதை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். அந்துருண்டை, கொசுவிரட்டி, பெயின்ட் இருக்கும் அலமாரியே வேண்டாம். ஏற்கெனவே அதில் குழந்தை பால் குடித்து, கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் கறுத்துப் போனால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்; அந்துருண்டை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நிப்பிளை நான் திருப்பித் தரவில்லை.