கருத்துநிலை: ஒரு சொல்லும் ஒரு பஸ் பாட்டும்

‘ஐடியோலஜி’க்குத் தமிழ் என்ன என்று திருகோணமலையில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ‘சித்தாந்தம்’ என்பார்கள். கோணேசர் கோயில் மணியோசையில் வளர்ந்த ஊருக்கு அந்தச் சொல் சைவம் பேசும் பதி, பசு, பாசத்தைத்தான் (இறை, உயிர், தளை) நினைவூட்டும். ‘முடிந்த முடிபு’ என்பது அதற்குச் சைவர்கள் சொல்லும் பொருள். ஆராய்ந்து, வாதாடி, தெரிந்தே ஏற்றுக்கொள்வது. ஐடியோலஜியோ, உலகம் இப்படித்தான் என்ற எண்ணங்களாகப் பெரும்பாலும் தெரியாமலே வந்து ஒட்டிக்கொள்வது.

சொல் பிறந்தது பிரான்சில், 1796இல். தெஸ்துய்த் த திராசி என்பவர், எண்ணங்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராயும் துறைக்கு வைத்த பெயர் அது. எண்ணம், இயல் என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்க வேர்கள். பிறகு நெப்போலியன் திராசியின் வட்டத்தாரை நக்கலடிக்கப் பயன்படுத்தியதில் அது வசவாகிவிட்டது. 1845–46இல் மார்க்சும் எங்கெல்சும் எழுதியபோது இன்றைய பொருளுக்குக் கிட்ட வந்தது: ஆளுகிற வர்க்கத்தின் எண்ணமே எல்லோருடைய எண்ணமாகவும் நடமாடுவது.

தமிழ்நாட்டு நூல்களில் ‘கருத்தியல்’ நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது திராசியின் பழைய பொருளுக்குத்தான் அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஈழத்தில் கா. சிவத்தம்பி போன்ற திறனாய்வாளர்கள் எழுதிய ‘கருத்துநிலை’தான் எனக்குப் பிடித்தது. ‘நிலை’யில் நாம் நிற்கிற இடமும் அடங்கிவிடுகிறது. நிற்கிற இடம் நிற்பவன் கண்ணுக்குப் படுவதில்லையே.

எங்களுக்கு வெகுசனப் பண்பாடு படிப்பித்த பேராசிரியர் இதை ஒரு பாட்டை வைத்து விளக்கினார். 1964இல் பர்மிங்காமில் தொடங்கிய ஆய்வு மையம் பாட்டையும் பத்திரிகையையும் ஆய்வுப் பொருளாக்கிய கதை பிறகுதான் வந்தது. முதல் நாள் கேட்டது ஒன்றே ஒன்று: “வரும்போது பஸ்ஸில் என்ன பாட்டு?”

மூதூர் பஸ்ஸில் வந்த தோழி சொன்னாள். திமிர் பிடித்த பெண்ணை நாயகன் துரத்தித் துரத்தி வழிக்குக் கொண்டுவருகிற சினிமாப் பாட்டு. கண்டக்டர் கம்பியில் காசைத் தட்டித் தாளம் போட்டாராம். இவளும் முணுமுணுத்தாளாம்.

“சேர், அது சும்மா பாட்டுத்தானே?”

“அந்தச் ‘சும்மா’வைத்தான் பிள்ளை, இந்த வருஷம் முழுக்கப் படிக்கப்போறம்.”

பெண் அடங்கத்தான் வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னால் அவள் சண்டைக்கே போயிருப்பாள். மெட்டோடு வந்தபோது வாய் தானாகப் பாடியது. அதைச் சித்தாந்தம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்று. ‘கருத்துமுதல்வாதம்’ என்பது வேறு. பொருளுக்கு முன் எண்ணம் என்று கொள்கிற தத்துவம் அது. ஆங்கிலத்தில் ஐடியோலஜி, ஐடியலிசம் என்று இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குவதால் குழப்பம் வரும். நானே சோதனையில் மாற்றி எழுதிவிட்டு, சேரின் சிவப்புப் பேனாவில் அரைப் பக்கம் வாங்கினேன்.