பதிவு செய்யாத கல்யாணத்துக்கும் பாதுகாப்பு உண்டு: தென்னாப்பிரிக்காவின் குடும்ப வன்முறைச் சட்டம்

"கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. கோர்ட் என்னை மனைவி என்று ஏற்குமா?" டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் இப்படிக் கேட்கும் பெண்கள் உண்டு. குடும்ப வன்முறைக்கு எதிரான 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் எண் சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. எந்தச் சட்டப்படி, எந்த வழக்கப்படி, எந்த மதப்படி நடந்த கல்யாணமாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. கல்யாணமே ஆகாமல் பழகுகிறவர்களுக்கும் உண்டு. மாமியார், கொழுந்தன், பெற்ற மகன் என்று யார் கொடுமை செய்தாலும் அவர்மீது மனு போடலாம். ஆண்களும் போடலாம்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஓயாமல் இழிவாகப் பேசுவது, பின்தொடர்வது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது எல்லாமே இதில் அடக்கம். 2023 ஏப்ரல் 14 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது: அடக்கி ஆளும் நடத்தை, பிள்ளைகள் கண்ணெதிரே வன்முறை செய்வது, முதியோரைக் கொடுமைப்படுத்துவது. பாட்டியின் ஓய்வூதியப் பணத்தை மாதாமாதம் பறித்துக்கொள்ளும் பேரனும் இப்போது இதற்குள் வருகிறான். இது நம் வீடுகளில் நாம் வாய் திறக்காத விஷயம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். குழந்தையோ, முதியவரோ, மாற்றுத்திறனாளியோ குடும்ப வன்முறைக்கு ஆளாவது தெரிந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், வயது வந்த எவரும் போலீஸிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லியே ஆக வேண்டும். "அடுத்த வீட்டு விவகாரம்" என்று ஒதுங்குவது குற்றம்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் குடியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், கொடுமை நடந்த இடம், இவற்றில் ஏதாவது ஒன்றின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், கொடுமை செய்பவரைத் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கோர்ட் நேரம் முடிந்த பிறகும் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உங்களுக்கு என்னென்ன நிவாரணம் உண்டு என்று விளக்கிச் சொல்வது அங்குள்ள குமாஸ்தாவின் கடமை. நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, போனில் வந்த மிரட்டல், கண்ணால் பார்த்தவரின் வாக்குமூலம், எது இருந்தாலும் கூட வையுங்கள்.

ஆபத்து உண்மை என்று பட்டால், எதிராளியைக் கேட்காமலேயே கோர்ட் இடைக்கால உத்தரவு போடும். அது அவர் கைக்குச் சேர்ந்ததும் அவரைக் கட்டுப்படுத்தும். பிறகு குறித்த நாளில் இரு தரப்பையும் விசாரித்து இறுதி உத்தரவு வரும். அவரை வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கவும், வாடகையை அவரே கட்ட வேண்டும் என்று சொல்லவும், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நீங்கள்தான் அம்மா வீட்டுக்கு ஓட வேண்டும் என்ற நிலை இல்லை. ஊர் பேசுமே என்ற பயமும் வேண்டாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும், துணைக்கு அத்தையையோ சிநேகிதியையோ அழைத்துப் போகலாம், உங்களை அடையாளம் காட்டும்படி யாரும் செய்தி வெளியிடக் கூடாது.

உத்தரவோடு சேர்ந்து வரும் இன்னொரு தாளைப் பத்திரமாக வையுங்கள். அது நிறுத்திவைக்கப்பட்ட பிடியாணை, அதாவது அவர் உத்தரவை மீறினால் மட்டும் நடப்புக்கு வரும் கைது ஆணை. அவர் உத்தரவை மீறினால், அந்தத் தாளோடு நடந்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுதி எந்தப் போலீஸ்காரரிடமும் கொடுக்கலாம். உங்களுக்கு ஆபத்து நெருங்கியிருந்தால் போலீஸ் அவரை உடனே கைது செய்ய வேண்டும். மீறியது நிரூபணமானால் அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ கிடைக்கும். பிடியாணை தொலைந்துபோனால் அதே கோர்ட்டில் வேறொன்று கேட்டு வாங்கலாம்.

பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசிவிட்டதால் உத்தரவு ரத்தாகாது. கோர்ட் மட்டும்தான் அதை நீக்க முடியும். நீங்களே நீக்கச் சொன்னாலும், மனமொப்பித்தான் கேட்கிறீர்களா என்று கோர்ட் பார்த்த பிறகே நீக்கும்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். சாட்ஸ்வர்த் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரியிலும், பீனிக்ஸ் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலும் துதுசேலா மையங்கள் இருக்கின்றன. சிகிச்சை, ஆலோசனை, வழக்கு உதவி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். போலீஸில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆலோசனைக்கு இலவச எண் 0800 428 428, இரவு பகல் எந்நேரமும். போனில் காசு இல்லையென்றால் *120*7867# அழுத்துங்கள், அவர்களே திருப்பி அழைப்பார்கள். போலீஸ் 10111. சட்ட உதவிக்கு 0800 110 110. பேசுவதை வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்றால் நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழையுங்கள்.