வாலண்டியர் தானேன்னு விட முடியாது: டிரஸ்ட், சொசைட்டி நடத்துறவங்களுக்கு மூணு சட்டம்

"நாங்க சேவை தானே சார் பண்றோம், கம்பெனியா நடத்துறோம், எங்களுக்கு எதுக்கு கமிட்டி, பாலிசி எல்லாம்?" இப்படி கேக்குற டிரஸ்டிங்க நிறைய பேர பாத்துட்டேன். சம்பளமே குடுக்கலன்னாலும் சட்டம் உங்களுக்கும் உண்டுங்க.

முதல்ல போஷ். பணியிடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைக்கு எதிரா 2013-ல வந்த சட்டம். பணியிடம்னா எதுன்னு சொல்ற எடத்துல டிரஸ்ட், சொசைட்டி, என்ஜிஓ எல்லாமே பேரோட இருக்கு. ஊழியர்னா யாருன்னு பாத்தா, சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டியும், தன்னார்வமா வந்தாலும், ட்ரெய்னியா வந்தாலும் ஊழியர் தான். அதனால ஆபீஸ்ல சம்பளத்துக்கு நாலே பேர், ஆனா சனி ஞாயிறு டியூஷன் எடுக்க பதினஞ்சு காலேஜ் பிள்ளைங்க வர்றாங்கன்னா, பத்து பேருக்கு கீழ இருந்தா கமிட்டி வேணாம்னு சொல்லி தப்பிக்க பாக்காதீங்க, புகார விசாரிக்குற இன்டர்னல் கமிட்டி போட்டுடுங்க. நெஜமாவே பத்து பேருக்கு கீழன்னா மாவட்டத்துல இருக்குற லோக்கல் கமிட்டிகிட்ட புகார் போகும்.

கமிட்டிக்கு தலைமை ஒரு சீனியர் பெண், மொத்தத்துல பாதிக்கு கொறையாம பெண்கள், ஊழியர்கள்ல ரெண்டு பேராவது, வெளியிலேர்ந்து ஒருத்தர். அந்த வெளி உறுப்பினருக்கு விசாரணை நடக்குற நாளுக்கு 200 ரூபாயும் போக்குவரத்து செலவும் குடுக்கணும்னு விதியிலயே இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா ஊர்ல இருக்குற கம்பெனி கமிட்டிக்கெல்லாம் வெளி உறுப்பினரா போயிட்டு வர்ற அக்கா ஒருத்தங்கள எனக்கு தெரியும், அவங்க சொந்த டிரஸ்ட்ல கமிட்டியே கெடையாது.

நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், 90 நாள்ல விசாரணைய முடிக்கணும். கமிட்டி போடலன்னா 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். ஃபீல்டுக்கு நீங்க ஏற்பாடு பண்ற வேனும் பணியிடம் தான். இன்னொண்ணு, உங்ககிட்ட உதவி கேட்டு ஆபீஸுக்கு வர்ற பெண்ணும் புகார் குடுக்கலாம், அவங்க உங்க ஊழியரா இருக்கணும்னு இல்ல.

அடுத்தது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டம். டிரஸ்ட், சொசைட்டி உட்பட எல்லா நிறுவனமும் சம வாய்ப்பு கொள்கை ஒண்ணு எழுதி, வெப்சைட்லயோ ஆபீஸ்ல கண்ணுல படுற எடத்துலயோ போட்டு, மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட பதியணும். 20 பேரும் அதுக்கு மேலயும் இருந்தா மாற்றுத்திறனாளிங்கள எந்தெந்த வேலைக்கு எடுக்கலாம்ங்குற பட்டியலும், இத பாத்துக்க தனியா ஒரு ஆளும் வேணும். எங்க டிரஸ்ட்ல முதல்ல என்ன பண்ணோம்னா டெம்ப்ளேட் ஒண்ண டவுன்லோட் பண்ணி ஒட்டினோம், அதுல நாலாவது பாராவுல வேற ஒரு கம்பெனி பேரு அப்படியே கெடந்துச்சு, ஆறு மாசம் யாருமே பாக்கல. வீல்சேர்ல வர்ற தம்பி ஒருத்தன் சேர்ந்தப்போ தான் மாதாந்திர மீட்டிங் மாடியில நடக்குறதே எங்களுக்கு உறைச்சுது. பிளாஸ்டிக் சேர எல்லாம் கீழ எறக்கி சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துல போட்டோம், செலவு ஒத்த ரூபாய் இல்ல. சட்டத்துல நியாயமான இசைவுன்னு பெரிய வார்த்தையில சொல்றது பாதி நேரம் இவ்ளோ தான்.

மூணாவது, 2019 திருநர் சட்டம். வேலைக்கு எடுக்குறதுலயோ பதவி உயர்வுலயோ பாகுபாடு காட்டக்கூடாது, புகார் கேக்க ஒரு அதிகாரிய நியமிக்கணும். பழைய ஊழியர் ஒருத்தர் பேர லெட்டர்ஹெட்ல போட்டு வச்சா போதும்னு நெனைக்காதீங்க, அவர்கிட்ட போய் பேச யாருக்காவது தைரியம் வருமான்னு பாத்து போடுங்க.

யார வாலண்டியரா சேக்குறோம்ங்குறதுல இந்த மூணு சட்டமும் ஓரளவுக்கு தான் கை வைக்குது. "நம்ம பசங்க நாலு பேர கூட்டிட்டு வா"ன்னு சொல்லி சேத்தா ஒரே காலேஜ், ஒரே தெரு, சொல்லப்போனா ஒரே ஜாதியா தான் வந்து நிப்பாங்க. அறிவிப்ப பஸ் ஸ்டாண்ட், நூலகம், அரசு காலேஜ்னு ஒட்டினாலே கூட்டம் மாறுது, நாங்க பண்ணி பாத்தது.

வருஷா வருஷம் போஷ் கமிட்டி ரிப்போர்ட்ட மாவட்ட அதிகாரிக்கு அனுப்பணும், புகார் பூஜ்யம்னாலும் அனுப்பிடுங்க. பூஜ்யம்னு எழுதுறதுக்கு முன்னாடி கமிட்டில யார் யார் இருக்காங்கன்னு வாலண்டியருங்ககிட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க. நான் கேட்டப்போ ரெண்டு வருஷமா வர்ற ஒரு பொண்ணு, "அண்ணா, அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருக்கா?"ன்னா.