கடலோரத் தண்டவாளத்தைப் பழுதுபார்க்க அனுமதி வேண்டுமா? கலிபோர்னியா சட்டம் சொல்வது

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் டியாகோவுக்கு ரயிலில் போகும்போது, சான் கிளமென்டே ஊர் வந்ததும் வலது பக்க ஜன்னலில் கடல் மட்டும்தான் தெரியும். இடது பக்கம் செங்குத்தான மண்மேடு, அதன் உச்சியில் வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம். 1880-களில் போட்ட வழித்தடம் இது. இன்றும் ஆம்டிராக், மெட்ரோலிங்க் பயணிகள் ரயில்களும் சரக்கு ரயில்களும் இதில்தான் ஓடுகின்றன.

2021-லிருந்து இந்தப் பாதை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. 2022 செப்டம்பர் கடைசியில் நின்ற பயணிகள் சேவை முழுமையாகத் திரும்ப 2023 ஏப்ரல் ஆனது. 2024 ஜனவரியில் ஊரின் மரிபோசா பகுதியில் மண் சரிந்து நடைபாலத்தை உடைத்தது. ஒவ்வொரு முறையும் ஊரில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. “ரயிலே நின்று போச்சு, சரி பண்ண எதற்கு அனுமதி?” என்று ஒரு பக்கம். “கடற்கரையில் பாறாங்கல்லைக் கொட்ட யார் விட்டது?” என்று இன்னொரு பக்கம். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். பதில் 1976-இல் வந்த கலிபோர்னியா கடற்கரைச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி கடலோர மண்டலத்தில் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி வேண்டும். பழுதுபார்ப்பும் பராமரிப்பும் இதற்கு விலக்கு. இருக்கிற ஒன்றைப் பெரிதாக்கவோ நீட்டவோ கூடாது என்பது நிபந்தனை. சட்டத்தின் 30610-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு “அப்போ ரயில்வே என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அதே பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: வேலை செய்யும் முறையால் கடற்கரைக்குக் கேடு வரக்கூடும் என்றால் விலக்கு கிடையாது. எந்தெந்த முறைகள் என்பதை விதிகள் தனியாக விவரிக்கின்றன.

கிட்டப் போய்ப் பார்த்தால் இது புரியும். தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டை ஒன்று இற்றுப் போயிருக்கிறது. பாதையில் ஓடும் வண்டியிலேயே ஆள்கள் வந்து பழைய கட்டையை உருவி, புதியதைச் செருகி, ஜல்லியைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகிறார்கள். மணலில் யாரும் கால் வைக்கவில்லை. பராமரிப்பு விலக்கு இப்படிப்பட்ட வேலைக்குத்தான். அதே இடத்தில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கிடந்த பாறைகளில் சில மணலில் புதைந்துவிட்டன, மேலே நான்கு புதிய பாறைகளை வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். இதற்கு அனுமதி வேண்டும். தற்காலிகமாக வைத்தாலும் வேண்டும். மணற்பரப்பு, செங்குத்து மேட்டின் விளிம்பிலிருந்து 50 அடிக்குள், கடல்நீர் அல்லது ஓடையிலிருந்து 20 அடிக்குள் என்றால், பாறையோ மணலோ கொட்டுவது மட்டுமல்ல, இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதே விலக்கை இல்லாமல் ஆக்கிவிடும். சான் கிளமென்டேயில் தண்டவாளமே அந்த எல்லைகளை ஒட்டித்தான் கிடக்கிறது. அதனால்தான் தகராறு எப்போதும் இந்த ஊரில் வருகிறது.

இன்னொரு அளவும் உண்டு. ஒரு கட்டமைப்பில் பாதியோ அதற்கு மேலோ மாற்றினால் அது பழுதுபார்ப்பு இல்லை, புதிய கட்டுமானம். அப்போதும் அனுமதி.

பாறைமேல் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், பாறை நிற்கும் இடம் அத்தனையும் மணல் இருந்த இடம். மண்மேடு கரைந்து கீழே விழும்போது கடற்கரைக்குப் புது மணல் வரும். அதைக் கல் தடுத்து நிறுத்துகிறது. கடல் உள்ளே வர வர, கல் நகராமல் நிற்க, இடையில் இருந்த கடற்கரை காணாமல் போகிறது. இந்த ஊரில் பல இடங்களில் ஓதம் ஏறினால் நடக்க மணல் இல்லை. தண்டவாளத்தைக் காப்பாற்றுவதும் கடற்கரையைக் காப்பாற்றுவதும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டுமே பொதுச்சொத்து என்பதுதான் என்னை வருத்தும் விஷயம்.

சரி, பேரிடர் வந்தால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வித்தியாசம். பேரிடரில் அழிந்த வீட்டை, அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில் திரும்பக் கட்ட அனுமதி தேவையில்லை. பொதுப்பணிக் கட்டமைப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ரயில்பாதை அந்த வகையில்தான் வருகிறது. நெடுஞ்சாலைக்குத் தனிச் சலுகை இருக்கிறது: மழை, நிலநடுக்கம், மண்சரிவு, ஏன், மெதுவாக மண் நகர்வதால் வந்த சேதத்தைக்கூட, ஓராண்டுக்குள் அதே எல்லைக்குள் சரி செய்தால் தகவல் சொன்னால் போதும். ரயிலுக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்த பகுதியில் சேவையை மீட்கும் உடனடி வேலை என்றால் மட்டும், தொடங்கிய 14 நாளுக்குள், இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் மாநில அமைப்பான கலிபோர்னியா கடற்கரை ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும்.

மற்ற சமயங்களில் வழி அவசர அனுமதி. கடற்கரை ஆணையத்தின் செயல் இயக்குநரே இதைக் கொடுக்கலாம். நேரம் இல்லையென்றால் தொலைபேசியில்கூடக் கேட்கலாம். ஆனால் அவசரம் என்பதற்கு விதியில் பொருள் உண்டு: திடீரென்று, எதிர்பாராமல் நடந்தது, உடனே கை வைக்காவிட்டால் உயிருக்கோ உடைமைக்கோ அத்தியாவசியச் சேவைக்கோ சேதம் வரும் என்பது. மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் மேடு “திடீர்” ஆகுமா? 2025-இல், சான் கிளமென்டே அடங்கிய ஆரஞ்சு கவுண்டியின் போக்குவரத்து ஆணையம் நான்கு ஆபத்தான இடங்களைக் காட்டி, உடையும் முன்பே பலப்படுத்த அனுமதி கேட்டபோது விவாதம் இதைச் சுற்றித்தான் நடந்தது. கடைசியில் அவசர அனுமதி கிடைத்தது. ஏப்ரல் 28-இல் பாதையை மூடி, ஜூன் 7-இல் திறந்தார்கள்.

அவசர அனுமதியை நான் கைமாற்றாக வாங்கிய கடன் மாதிரிதான் பார்க்கிறேன். கொட்டிய கல் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் பின்னாடியே முறையான விண்ணப்பம் போட வேண்டும். அப்போதுதான் மாற்று வழி என்ன, இழந்த மணலுக்கு என்ன ஈடு என்ற கேள்விகள் எழும். ஊர் மக்கள் பெரும்பாலும் கல் விழும் நாளில் கோபப்படுகிறார்கள்; இந்தப் பின் விசாரணை நடக்கும் நாளில் வருவதில்லை.

இதற்கெல்லாம் மேலே மத்தியச் சட்டம் ஒன்று நிற்கிறது. 1995-இல் வந்த சட்டப்படி ரயில் போக்குவரத்து மீதான அதிகாரம் மத்திய அரசின் தரைவழிப் போக்குவரத்து வாரியத்துடையது. மாநிலம் அனுமதி என்ற பெயரில் ரயிலைத் தடுக்க முடியாது என்று ரயில்வேக்கள் வாதிடுகின்றன. தெற்கே டெல் மாரில் தண்டவாளம் மேட்டின் உச்சியிலேயே ஓடுகிறது. அங்கே 2020-இல் வேலி போடும் தகராறில் வடக்கு சான் டியாகோ போக்குவரத்து அமைப்பு இதே வாதத்தோடு அந்த வாரியத்துக்குப் போனது. ஆனாலும் 1972-இன் மத்தியக் கடலோர மண்டலச் சட்டம், மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை மாநிலக் கடலோரத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கடற்கரை ஆணையத்துக்கு வழி தருகிறது.

ஆகவே மணலில் எக்ஸ்கவேட்டர் நிற்பதைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது அனுமதி எண். ஆரஞ்சு கவுண்டி என்றால் கடற்கரை ஆணையத்தின் லாங் பீச் அலுவலகம், டெல் மார் என்றால் சான் டியாகோ அலுவலகம். அவசர அனுமதி என்று பதில் வந்தால் அதன் நகலைக் கேளுங்கள். முறையான விண்ணப்பத்துக்குக் கொடுத்த கெடு அதில் எழுதியிருக்கும். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.