கண்ணில் படர்வது கட்டியா?

கடலூர் முதுநகரில் ஒரு கண் முகாமில் கொடுத்த துண்டறிக்கையில் 'டெரிஜியம்' என்பதற்கு நேராகக் 'கண் கட்டி' என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த மொழிபெயர்ப்பைப் பலமுறை பார்த்துச் சகித்தாயிற்று.

டெரிஜியம் கிரேக்கச் சொல். சிறு சிறகு என்று பொருள். வெண்விழியில், பெரும்பாலும் மூக்குப் பக்கமிருந்து, முக்கோணமாகக் கருவிழிமேல் ஏறும் சதை அது. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம் என்பதால் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதிகம் வரும்.

கண்கட்டி என்றால் நமக்கு ஏற்கெனவே வேறொன்று. இமை ஓரத்தில் சீழ் கோத்து வீங்குமே, நாமக்கட்டி உரைத்துப் பூசுவார்களே, அது. இருக்கிற பெயரைப் பிடுங்கி இன்னொன்றுக்கு ஒட்டுவது முதல் பிழை. அடுத்தது இன்னும் மோசம். கட்டி என்றதும் நம் மக்களுக்குப் புற்றுதான் நினைவுக்கு வரும். தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் அந்தத் தாளை நீட்டி, "புற்றா தம்பி?" என்றார். 'சாதுவான கட்டி' என்று அடைமொழி சேர்த்தால் போதாதா என்பார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். கேட்பவர் காதில் 'கட்டி' மட்டும்தான் விழும்.

தூய தமிழ் அன்பர்களின் 'சிறகுப்படலம்' கேட்க அழகுதான். ஆனால் கண்ணில் சிறகு முளைத்ததாக எந்த நோயாளி சொல்கிறார்? "கண்ணில் சதை படர்ந்திருக்கிறது" என்பார். அதிலிருந்தே எடுத்தால் சதைப்படர்வு. அது கருவிழியை நோக்கி ஏறுவதையும் 'படர்' என்ற வினையே சொல்லிவிடுகிறது.

வெண்விழியில் மஞ்சளாகத் திட்டுத் தெரியுமே, அந்தப் 'பிங்குவெகுலா'வின் கதியும் இதுதான். லத்தீன் வேர் கொழுப்பைக் குறிக்கிறது என்று 'கொழுப்புக் கட்டி' ஆக்கிவிட்டார்கள். அதில் இருப்பதோ கொழுப்பல்ல. வெயிலில் நைந்துபோன நார்த்திசு. மஞ்சள் திட்டு என்றால் பார்த்தவுடன் புரியும். வெண்விழி மச்சத்தைக்கூட 'நிறமிக் கட்டி' என்கிறார்கள். மச்சம் என்ற சொல்லுக்கு என்ன குறை வந்தது?

கட்டி என்ற சொல்லை இப்படி இறைத்துவிட்டால், வேண்டிய இடத்தில் அதற்கு மதிப்பிருக்காது. கண் மேற்பரப்புப் புற்றும் கருவிழி ஓரத்தில், தொடக்கத்தில் சதைப்படர்வு போலவே தோன்றி ஏமாற்றக்கூடும். ஜெல்லி போன்ற மினுமினுப்பு, மேலே வெள்ளைப் படிவு, தடித்த ரத்தக்குழாய்கள், வேகமான வளர்ச்சி இவற்றில் எது தெரிந்தாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்கள் அறுத்தெடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வயதுவந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றும் மச்சத்தையும், பெரிதாகும் பழைய மச்சத்தையும் காட்டியே ஆகவேண்டும்.