லாஞ்சர்: துவக்கியா, ஏவியா?

கம்ப்யூட்டரில் லாஞ்சர் என்பது ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ஆல்ட், ஸ்பேஸ் மாதிரி இரண்டு விசையைச் சேர்த்துத் தட்டினால் திரையில் எட்டிப் பார்க்கும், வேண்டிய செயலியின் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்தைப் போட்டு எண்டர் தட்டினால் திறந்துவிடும், கை மவுஸ் பக்கமே போகாது. விண்டோஸ்காரர்களுக்கு பவர்டாய்ஸ் ரன் இலவசம். மேக்கில் 2005இலிருந்தே ஸ்பாட்லைட் கூடவே வருகிறது, அது போதவில்லை என்றால் அப்புறம் ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் என்று தேடுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில வினைச்சொல்லான 'லாஞ்ச்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஈட்டி எறிவதுதான் அதன் முதல் பொருள். 'லான்சியா' என்றால் லத்தீனில் ஈட்டி. அங்கிருந்து கப்பலைத் தண்ணீரில் இறக்குவது, ராக்கெட் விடுவது என்று நகர்ந்து மென்பொருள்வரை வந்துவிட்டது. ஆனால் படகை லாஞ்சு என்கிறோமே, அந்த லாஞ்சு வேறு வம்சம். மலாய் மொழியில் 'லஞ்சாரான்' என்று ஒரு விரைவுப் படகு, அது போர்த்துகீசியர் வாயில் 'லான்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போயிருக்கலாம் என்கின்றன அகராதிகள். 'லஞ்சார்' மலேசியத் தமிழர்களான நமக்குத் தெரியாத சொல்லா என்ன, தடங்கலில்லாமல் சரளமாக என்று பள்ளியிலேயே படித்ததுதான். கோலாலம்பூரில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் 'மஜ்லிஸ் பெலஞ்சாரான்' (தொடக்க விழா) என்று பதாகை தொங்குகிறதே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் 'துவக்கி' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. துவக்குவது என்றால் தொடங்கிவைப்பதோடு சரி, விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போகும் விருந்தாளி மாதிரி. லாஞ்சரோ கோப்பைத் தேடும், கணக்குப் போடும், கணினியை அணைக்கும். சொன்னதைச் செய்கிற ஆள் அது. போதாததற்கு இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி! ஏவல் வினை என்று இலக்கணத்தில் படித்தோம், ஏவுகணையும் ஏவுதளமும் செய்தியில் தினம் வருகின்றன, ஆகவே 'ஏவி' என்பதே என் கட்சி. பில்லி சூனியம் ஏவல் என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இதன் கூட்டாளி டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர், சுருக்கமாகத் தட்டியதை முழு உரையாக மாற்றித் தரும் மென்பொருள். இதற்கு 'உரைவிரிப்பி' கனகச்சிதம், ஏனென்றால் தொகை, விரி என்ற ஜோடி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'மதுரை சென்றான்' என்று தொக்கி நிற்பதை 'மதுரைக்குச் சென்றான்' என்று விரிக்கிறோம் இல்லையா, இந்தக் கருவி செய்வதும் அதே வேலைதான். பழைய தமிழ்க் கணக்கேடுகளில் ௸ என்று ஒரே சுழிப்பாக எழுதுவார்கள், படிப்பவர் அதை 'மேற்படி' என்று விரித்துக்கொள்வார். இப்போது அதைக் கணினி செய்கிறது: பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து நாள் முழுக்க இன்வாய்ஸ் அடிப்பவர் ;;1 என்று தட்டினால் 'ஜாலான் துன் சம்பந்தன், 50470 கோலாலம்பூர்' என்று முழு முகவரியும் வந்து விழும்.

இப்படி விரிக்கும் மென்பொருள்களில் எஸ்பான்ஸோ இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸ் மட்டும் என்றால் ஆட்டோஹாட்கீ இருக்கிறது, கொஞ்சம் நிரல் எழுதப் பழக வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: சுருக்கத்தை ஆங்கில எழுத்தில் வைத்தால், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி அடிக்கும் 'அஞ்சல்' விசைப்பலகையில் தமிழ் அடிக்கும்போது அந்த எழுத்துகள் தமிழாக மாறிவிடும், கருவிக்குப் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. அதனால்தான் மேலே அரைப்புள்ளியும் எண்ணும் போட்டேன். அப்புறம், ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் பேங்க் பாஸ்வேர்டையும் இதில் போட்டுவைக்காதீர்கள். எஸ்பான்ஸோ எல்லாவற்றையும் சாதாரண உரைக்கோப்பில்தான் வைக்கிறது, உங்கள் கணினியில் உட்காருகிற யாரும் திறந்து படிக்கலாம்.