சேர்ந்து சரியும் விலைகள்: ஒட்டுறவை நாள்தோறும் அளப்பது எப்படி?

"பணத்தைப் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்கிறார்கள். ஆனால் சந்தை சரியும் நாளில் எல்லாமே சேர்ந்து சரிகின்றனவே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். பிரித்துப் போடுவதால் கிடைக்கும் பாதுகாப்பு எவ்வளவு என்பது ஒட்டுறவைப் பொறுத்தது: இரண்டு விலைகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று −1 முதல் 1 வரை சொல்லும் எண் அது. அந்த ஒட்டுறவு ஓரிடத்தில் நிற்பதில்லை. பத்து வருடத் தரவிலிருந்து எடுத்த 0.3 வெறும் சராசரி. நமக்கு வேண்டியது நாளைய எண்.

ஒரே ஒரு தொடர் (ஒரு பங்கின் அன்றாட விலை மாற்றங்களின் வரிசை) என்றால் வேலை எளிது. மாறுபாட்டளவை என்பது விலகல்களின் வர்க்கங்களின் சராசரி, அதாவது எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. நாளைய மாறுபாட்டளவை என்பது ஒரு நிலை எண், இன்றைய அதிர்ச்சியின் (எதிர்பாராத அசைவின்) வர்க்கத்தில் ஒரு பங்கு, இன்றைய மாறுபாட்டளவையில் ஒரு பங்கு ஆகிய மூன்றின் கூட்டல். இதுதான் கார்ச் மாதிரி. பொருளியலாளர் ராபர்ட் எங்கிள் 1982-ல் வெளியிட்ட ஆர்ச் மாதிரியை டிம் பொலர்ஸ்லெவ் 1986-ல் இப்படி விரித்தார். எங்கிள் முதலில் கையில் எடுத்தது பங்குச்சந்தைத் தரவை அல்ல, பிரிட்டனின் பணவீக்கத் தரவை. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் நிதிக்குழுவிடம் அது தேறியிருக்குமா என்பது என் சந்தேகம். 2003-ல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரிகள் விலை ஏறுமா இறங்குமா என்று சொல்வதில்லை, எவ்வளவு ஆடும் என்று மட்டுமே சொல்லும். ஏறுமா இறங்குமா என்பதைக் கோள்களையும் வரைபடக் கோடுகளையும் பார்த்துச் சொல்பவர்கள் வேறு தொழிலில் இருக்கிறார்கள்.

தொடர்கள் பெருகும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு மாறுபாட்டளவையும், ஒவ்வொரு ஜோடியின் உடன்மாறுபாடும் (இரண்டும் சேர்ந்து ஆடும் அளவும்) மற்ற எல்லாவற்றையும் சார்ந்திருக்கலாம் என்று முழுமையாக எழுதினால், 2 தொடருக்கு 21 பண்பளவைகள் (தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய எண்கள்), 3-க்கு 78, 10-க்கு 6,105. பத்து வருடத்தில் கிடைப்பதோ சுமார் 2,500 வர்த்தக நாட்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது. அ, ஆ, இ என மூன்று பங்குகள். ஒவ்வொன்றின் மாறுபாட்டளவையும் 1. அ-ஆ ஒட்டுறவு 0.9, ஆ-இ 0.9, அ-இ 0.5 என்று ஒரு மாதிரி சொல்கிறது. தனித்தனியே பார்த்தால் எதிலும் குறை தெரியாது. அ-வில் 1 பங்கும் இ-யில் 1 பங்கும் வாங்கி, ஆ-வில் 1.8 பங்கு விற்றுப் பாருங்கள். மொத்த மாறுபாட்டளவை: 1 + 1 + 3.24 + 1 − 6.48 = −0.24. வர்க்கங்களின் சராசரி எப்படிக் குறை எண்ணாகும்? முதல் இரண்டும் 0.9 என்றால் மூன்றாவது 0.62-க்குக் கீழே போகவே முடியாது. முழு மாதிரி இந்த விதியைத் தானாகக் காப்பதில்லை. எங்கிளும் குரோனரும் 1995-ல் வெளியிட்ட பெக் மாதிரி காக்கும். ஆனால் 10 தொடருக்கு அதற்கும் 255 பண்பளவைகள் வேண்டும்.

எங்கிள் 2002-ல் வெளியிட்ட டிசிசி (மாறும் ஒட்டுறவு) மாதிரி இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம் அழகானது. முதலில் ஒவ்வொரு தொடருக்கும் தனியாக கார்ச் பொருத்துங்கள். பிறகு அன்றைய ரிட்டர்னை (விலை மாறிய சதவீதத்தை) அன்றைக்கு எதிர்பார்த்த திட்ட விலக்கத்தால் (மாறுபாட்டளவையின் வர்க்கமூலத்தால்) வகுங்கள். திட்ட விலக்கம் 2 சதவீதம் எதிர்பார்த்த நாளில் 6 சதவீத வீழ்ச்சி வந்தால் அது −3. 4 சதவீதம் எதிர்பார்த்த நாளில் அதே வீழ்ச்சி வெறும் −1.5. கொந்தளிப்பு தனியே கழன்றுவிடும், மிஞ்சுவது ஒட்டுறவு மட்டும்.

அடுத்து ஒரு துணை அணி, அதாவது எண்களின் சதுர அட்டவணை. அதன் புதிய மதிப்பு மூன்று துண்டுகளின் கூட்டல்: நீண்டகாலச் சராசரி, இன்றைய அதிர்ச்சிகளின் (மேலே வகுத்துக் கிடைத்த எண்களின்) பெருக்கல், பழைய மதிப்பு. எடைகள் முறையே 0.02, 0.05, 0.93 என்று வைப்போம். இரு பங்குகளும் சந்திக்கும் குறுக்கு உறுப்பில் சராசரியும் பழைய மதிப்பும் 0.30, ஒரு பங்கு தன்னோடு சந்திக்கும் மூலைவிட்டத்தில் 1. இன்று ஒரு பங்குக்கு −3, மற்றதற்கு −2.5.

குறுக்கு உறுப்பு: 0.006 + 0.375 + 0.279 = 0.66. மூலைவிட்ட உறுப்புகள் 1.40, 1.26. 0.66-ஐ இவற்றின் பெருக்கலுடைய வர்க்கமூலமான 1.33-ஆல் வகுத்தால் 0.50. ஒரே நாளில் ஒட்டுறவு 0.30-லிருந்து 0.50-க்குத் தாவிவிட்டது. வாசகர் கேட்ட "சேர்ந்து சரிவது" இதுதான். முதல் பங்குக்கு −3, மற்றதற்கு +2.5 என்று எதிரெதிராகப் போயிருந்தால் −0.07 ஆகியிருக்கும்.

மந்தமான நாளில்? அதிர்ச்சிகள் 0.2, 0.1 என்றால் குறுக்கு உறுப்பு 0.286-ஆகச் சுருங்கும், மூலைவிட்டமும் சுமார் 0.95-ஆகச் சுருங்கும், வகுத்தால் மறுபடி 0.30. சத்தமில்லாத நாள் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை அந்த ஒரு வகுத்தலே பார்த்துக்கொள்கிறது. மூன்று துண்டுகளில் எதுவும் குறை மாறுபாட்டளவையைத் தராததால் கூட்டலும் தராது; −0.24 கதைக்கு இடமே இல்லை. ஒட்டுறவின் அசைவுக்கு மதிப்பிட வேண்டியவை இரண்டே எண்கள்.

அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. எல்லா ஜோடிகளும் ஒரே வேகத்தில் மாறும் என்று மாதிரி நம்புகிறது. கடன்பத்திரமும் பங்கும் அப்படி நடந்துகொள்வது அபூர்வம். வகைவாரியாகப் பிரித்து, வகைக்கொரு வேகம் கொடுப்பது நல்லது.

செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. விலையை அல்ல, ரிட்டர்னைக் கொடுங்கள். அதையும் 100-ஆல் பெருக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாறுபாட்டளவை 0.0001 போன்ற எண்களில் போய்க் கணினித் தேடல் திணறும். அதிர்ச்சியின் எடை 0-ஐ ஒட்டி வந்தால் பழைய மதிப்பின் எடைக்குப் பொருளே கிடையாது, அது 0.4 என்றாலும் 0.99 என்றாலும் நம்பாதீர்கள். 100 பங்குகளுக்கு 250 நாள் தரவை வைத்து நீண்டகாலச் சராசரி அணி எடுத்தால் அதில் இரைச்சல்தான் நிறைய இருக்கும், எளிய ஓர் அணியை நோக்கிச் சற்றே சுருக்கி மதிப்பிட வேண்டும்.

கண்ணில் படாத பிழை கடிகாரத்தில் இருக்கிறது. டோக்கியோ சந்தை மூடிப் பல மணி நேரம் கழித்தே நியூயார்க் சந்தை திறக்கிறது. ஒரே தேதியின் ரிட்டர்ன்களை ஜோடி சேர்த்தால், நியூயார்க்கின் வீழ்ச்சிக்கு டோக்கியோ காட்டும் எதிர்வினை மறுநாள் கணக்கில் போய் விழும். ஒட்டுறவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வார ரிட்டர்னையோ இரண்டு நாள் கூட்டு ரிட்டர்னையோ எடுத்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் அடைபடும்.